கேட்பாரற்ற படங்கள்

1956 ஆகஸ்டில் நடிகர் பெலா லுகோசி இறந்தபோது, அவரை வைத்து இயக்குநர் எட் வுட் எடுத்துவைத்திருந்தது ஒலியில்லாத சில நிமிடக் காட்சிகள் மட்டுமே. ஒரு கல்லறைத் தோட்டம், ஒரு சிறிய வீட்டின் வாசல், கறுப்பு மேலங்கியோடு மெதுவாக நடந்துபோகும் முதியவர், அவ்வளவுதான். அந்தத் துண்டுகளைத் தூக்கிப் போட மனம் வராமல், அவற்றைச் சுற்றி வேற்றுக்கிரகவாசிகள் பிணங்களை எழுப்பும் ஒரு கதையைப் பின்னினார் எட் வுட். லுகோசி இருந்து நடித்துக் கொடுத்திருக்க வேண்டிய மீதிக் காட்சிகளுக்கு, தம் மனைவிக்கு முதுகெலும்பு வைத்தியம் பார்த்துவந்த ஒருவரை அழைத்துவந்தார். அந்த வைத்தியர் லுகோசியைவிட உயரமானவர், முகச்சாயலும் ஒத்துப்போகவில்லை. ஆகவே 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' படத்தில் தாம் வரும் இடங்களிலெல்லாம் மேலங்கியின் விளிம்பை மூக்குக்கு மேலே தூக்கிப் பிடித்தபடியே அவர் நடமாடுகிறார்.

முதல்முறை பார்த்தபோது நானும் எல்லோரையும் போல வயிறு வலிக்கச் சிரித்தேன். கல்லறைக் கற்கள் தள்ளாடுவதையும், ஒரே துரத்தலுக்குள் பகலும் இரவும் மாறி மாறி வருவதையும் நண்பர்களுக்குச் சுட்டிக்காட்டி மகிழ்ந்தேன். 1980இல் வெளிவந்த ஒரு புத்தகம் வாசகர்களின் வாக்குகளை எண்ணி இதையே உலகின் மிக மோசமான படம் என்று அறிவித்திருந்ததால், சிரிப்பதற்கு ஓர் அதிகாரபூர்வமான அனுமதியும் கையில் இருந்தது. சில ஆண்டுகள் கழித்து ஓர் இரவில் தனியாக அதை மறுபடி ஓட்டியபோது, வாசலில் நின்று ஒரு பூவைப் பறித்து முகர்ந்துவிட்டுச் சட்டகத்தை விட்டு வெளியேறும் அந்த முதியவரிடத்தில் என் சிரிப்பு நின்றுபோனது. அடுத்த காட்சியில் மேலங்கிக்குப் பின்னால் வேறொரு ஆள் நிற்கிறார். செத்துப்போன நண்பரைப் படத்திலிருந்து வெட்டியெறிய மறுத்த ஒருவரின் பிடிவாதம் என் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தது. ஒழுங்காக நடக்கும் எந்த ஸ்டுடியோவிலும் இப்படிச் செய்ய விட்டிருக்க மாட்டார்கள். யாராவது ஒருவர் வந்து, 'இது என்ன கூத்து?' என்று கேட்டிருப்பார். எட் வுட்டைக் கேட்க யாருமில்லை.

எக்ஸ்ப்ளாய்டேஷன் சினிமா என்று அழைக்கப்படும் குப்பை மலையை நான் இத்தனை ஆண்டுகளாகக் கிளறிக்கொண்டிருப்பதற்கான காரணம் இந்த ஒரு சொல்லில் இருக்கிறது: கேட்பாரற்றவை. எடுக்கும்போது தட்டிக் கேட்க ஆளில்லை. எடுத்து முடித்து ஓட்டிக் காசு பார்த்த பிறகு, எங்கே போயிற்று என்று கேட்கவும் ஆளில்லை. முதல் அலட்சியம் படத்துக்குள் சில விசித்திரமான உண்மைகள் புகுந்துகொள்ள இடம் கொடுத்தது. இரண்டாவது அலட்சியம், அவற்றைத் தேடிப் பொறுக்கும் ஒரு பித்துக் கூட்டத்தை உருவாக்கியது.

'எக்ஸ்ப்ளாய்டேஷன்' என்றதும் சுரண்டல் என்ற பொருள்தான் நமக்கு முதலில் தோன்றும். அந்தப் பொருளுக்கும் இந்தப் படங்களில் பஞ்சமில்லை, பிறகு அதற்கு வருகிறேன். ஆனால் அமெரிக்கத் திரைத் தொழிலில் அந்தச் சொல் முதலில் குறித்தது, ஒரு படத்தை விற்பதற்காகச் செய்யப்படும் விளம்பரத் தடபுடலை. நட்சத்திரம் உள்ள படத்துக்கு நட்சத்திரத்தின் பெயர் போதும். பெயரும் இல்லை, பணமும் இல்லை என்றால் தெருவில் நின்று கூவ வேண்டும். கூவுவதற்கு, பெரிய ஸ்டுடியோக்கள் தொட முடியாத ஒரு விஷயம் வேண்டும். 1934 முதல் 1968 வரை ஹாலிவுட் தனக்குத் தானே விதித்துக்கொண்டிருந்த ஒழுக்க விதிகள், எதையெல்லாம் திரையில் காட்டக்கூடாது என்று வகைப்படுத்தி வைத்திருந்தன. அந்தத் தடைப் பட்டியலையே விலைப்பட்டியலாக எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போன வியாபாரிகளிடமிருந்துதான் இந்த மரபு தொடங்குகிறது.

அவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் க்ரோகர் பாப். 1945இல் 60,000 டாலரைச் சற்றுத் தாண்டிய செலவில் இவர் தயாரித்த 'மாம் அண்ட் டாட்', திருமணத்துக்கு முன் கருவுற்றுவிடும் ஒரு பள்ளி மாணவியின் கதை. படமாகப் பார்த்தால் உப்புச் சப்பற்றது. வியாபாரம் இருந்ததெல்லாம் படத்தைச் சுற்றித்தான். பெண்களுக்குத் தனிக் காட்சி, ஆண்களுக்குத் தனிக் காட்சி. யாராவது மயங்கி விழுந்தால் தாங்கிக்கொள்ள, செவிலியர் சீருடையில் இரண்டு பெண்கள் அரங்கில் நிற்பார்கள். பாதியில் படத்தை நிறுத்தி விளக்குகளைப் போட்டதும், எலியட் ஃபோர்ப்ஸ் என்ற சுகாதார நிபுணர் மேடையேறி உரையாற்றுவார். உரை முடிந்ததும் பாலியல் அறிவு பற்றிய சிறு புத்தகங்கள் ஒரு டாலருக்கு விற்பனையாகும். பிறகு, உண்மையான பிரசவத்தைப் படம்பிடித்த காட்சிகளோடு படம் தொடரும். இந்த எலியட் ஃபோர்ப்ஸ் ஒரே நாளில் நாட்டின் பல ஊர்களில் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார், ஏனென்றால் அப்படி ஒருவரே கிடையாது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நடிகரை அமர்த்தி அந்தப் பெயரைச் சூட்டியிருந்தார்கள். முழுக்க முழுக்கச் சந்தை வித்தைதான். ஆனாலும் கரு எப்படி உண்டாகிறது என்பதை வீட்டிலோ பள்ளியிலோ வாய்திறந்து சொல்ல ஆளில்லாத காலத்தில், இந்த வித்தைக்காரர்தான் அதைத் திரையில் சொன்னார். 2005இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இந்தப் படம் சேர்க்கப்பட்டதை அறிந்தபோது, எல்லா எலியட் ஃபோர்ப்ஸ்களும் ஒன்றாக எழுந்து நின்று கைதட்டும் ஒரு காட்சியை நான் கற்பனை செய்துகொண்டேன்.

1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு, பெரிய ஸ்டுடியோக்கள் சொந்தமாகத் திரையரங்குகளை வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை உடைத்தது. தொலைக்காட்சியும் வந்து சேர்ந்ததால் ஸ்டுடியோக்கள் மலிவான இரண்டாம் தரப் படங்களை எடுப்பதைக் குறைத்துக்கொண்டன. அரங்குகளுக்கோ வாரந்தோறும் படம் வேண்டும். காரில் உட்கார்ந்தபடியே பார்க்கும் டிரைவ்-இன் அரங்குகள் 1950களின் இறுதியில் நான்காயிரத்தைத் தாண்டியிருந்தன. அந்தப் பள்ளத்தில் பாய்ந்த வெள்ளம்தான் அமெரிக்கன் இண்டர்நேஷனல் பிக்சர்ஸ் போன்ற நிறுவனங்கள். ஜேம்ஸ் நிக்கல்சனும் சாமுவேல் ஆர்காஃபும் 1954இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் வேலை தலைகீழாக நடந்தது. முதலில் தலைப்பு; தலைப்பைக் கேட்டு அரங்கு உரிமையாளர்கள் தலையாட்டினால் போஸ்டர்; போஸ்டர் எடுபட்டால்தான் கதை எழுத ஆள் தேடுவார்கள். போஸ்டரில் நகரத்தையே விழுங்கும் அசுரன், படத்தில் ஜிப் வைத்த ரப்பர் உடைக்குள் வியர்த்துக்கொண்டு நிற்கும் ஒரு துணை நடிகராகச் சுருங்கியிருப்பதன் ரகசியம் இதுதான். இயக்குநர் வில்லியம் காஸில் இன்னொரு படி மேலே போய், படத்தைப் பார்த்துப் பயத்தில் செத்தால் ஆயிரம் டாலர் என்று காப்பீடு எடுத்துக் கொடுத்தார். வேறொரு படத்துக்காக இருக்கைகளுக்கு அடியில் அதிரும் மோட்டார்களைப் பொருத்தினார். காஸிலை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும். படம் பார்க்கப் போவது ஒரு சாகசம் என்று நம்பவைக்க இவ்வளவு மெனக்கெட்டவர்கள் அபூர்வம்.

நுழைவுச்சீட்டை விற்றதே போஸ்டர்தான் என்று ஆகிவிட்ட பிறகு, படத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றித் தயாரிப்பாளருக்குப் பெரிய அக்கறை இருக்க வேண்டியதில்லை. கையில் பணமில்லாத, ஆனால் சொல்வதற்கு ஏதோ இருந்த இளைஞர்களுக்கு இதுவே கதவைத் திறந்துவிட்டது. 2024இல் 98 வயதில் காலமான தயாரிப்பாளர் ரோஜர் கார்மன் இந்த வாசலில் காவலாளியாகவும் பள்ளி ஆசிரியராகவும் அரை நூற்றாண்டு உட்கார்ந்திருந்தார். 1970இல் அவர் தொடங்கிய நியூ வேர்ல்ட் பிக்சர்ஸில் இயக்குநருக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகள் எளியவை: குறித்த இடைவெளியில் அடிதடி வர வேண்டும், கொஞ்சம் நிர்வாணம் வேண்டும், கொஞ்சம் நகைச்சுவை இருந்தால் நல்லது, ஓரளவு சமூகக் கருத்தும் சேரலாம். மீதி உன் பாடு. கொப்போலா, ஸ்கோர்செசி, ஜோனதன் டெம்மி, ஜேம்ஸ் கேமரன் என்று அவரிடம் தொழில் பழகி வெளியேறியவர்களின் பெயர்களை எல்லோரும் ஒப்பிப்பார்கள் என்பதால் நான் அதை நீட்டவில்லை. கார்மனின் கஞ்சத்தனம் எப்படி வேலை செய்தது என்பதற்கு ஒரேயொரு கதை போதும்.

பேய்ப் பட நடிகர் போரிஸ் கார்லாஃப் கார்மனுக்கு இரண்டு நாள் வேலை பாக்கி வைத்திருந்தார். அந்த இரண்டு நாளை வீணாக்க மனமில்லாத கார்மன், பீட்டர் போக்டனோவிச் என்ற இளைஞரைக் கூப்பிட்டு, கார்லாஃபை வைத்து இரண்டு நாள் எடு, அவர் எனக்கு நடித்துக் கொடுத்த பழைய 'தி டெரர்' படத்திலிருந்து இருபது நிமிடத்தை உருவிக்கொள், மீதியை வேறு ஆட்களை வைத்து நிரப்பு, ஒரு புதுப் படமாகிவிடும் என்று சொன்னார். அந்தப் பழைய படமே இன்னொரு படத்துக்குப் போட்ட செட்டுகள் பிரிக்கப்படும் முன் அவசரமாகத் தொடங்கி, பல கைகள் மாறி முடிக்கப்பட்டது. அதாவது மிச்சத்தின் மிச்சம். போக்டனோவிச் உட்கார்ந்து யோசித்தார். பழைய படம் சகிக்க முடியாதது என்பதை மறைப்பதற்குப் பதிலாக, அதையே கதையாக்கிக்கொண்டார். தான் நடித்த மட்டமான பேய்ப் படத்தைப் பார்த்துவிட்டு, 'இனி யார் இதற்குப் பயப்படுவார்கள்?' என்று சலித்து ஓய்வுபெற விரும்பும் ஒரு முதிய நடிகராக கார்லாஃப் வருகிறார். மறுபக்கம், எந்தக் காரணமும் சொல்லாமல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தெரியாத மனிதர்களைச் சுடத் தொடங்கும், நல்ல குடும்பத்து இளைஞன் ஒருவன். இருவரும் சந்திக்கும் இடம் ஒரு டிரைவ்-இன் அரங்கு. திரையின் பின்னால் ஒளிந்துகொண்டு கார்களைச் சுடும் அவனை நோக்கி நிஜமான கார்லாஃப் கைத்தடியோடு நடந்து வருகிறார். அதே நேரத்தில் திரையிலும் 'தி டெரர்' படத்து கார்லாஃப் அவன் பக்கமாக நடக்கிறார். எது நிழல், எது ஆள் என்று புரியாமல் அவன் இரண்டையும் நோக்கிச் சுடுகிறான். 1968இல் வந்த இந்த 'டார்கெட்ஸ்' படத்தின் அந்த ஒரு நிமிடத்துக்கு ஈடாக, அந்த ஆண்டின் பெரிய செலவுப் படங்களில் எதைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மீந்துபோன இரண்டு நாள் சம்பளத்திலிருந்து அது பிறந்தது.

ஹெர்க் ஹார்வியின் கதை இதைவிட அமைதியானது. கன்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில், பள்ளிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பாடப் படங்கள் எடுத்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தவர் அவர். ஒருமுறை காரில் யூட்டா வழியாகத் திரும்பி வரும்போது, உப்பு ஏரிக்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த சால்ட்டேர் கேளிக்கை மண்டபத்தை அந்தி வெளிச்சத்தில் பார்த்தார். விடுமுறை எடுத்துக்கொண்டு, சுமார் 30,000 டாலர் செலவில், 1962இல் 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' என்ற படத்தை எடுத்தார். பேயாக வரும் வெளிறிய மனிதரும் அவரேதான். கதாநாயகி ஒரு தேவாலய ஆர்கன் இசைக்கலைஞர். கார் ஒன்று பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்த விபத்தில் தப்பி வந்தவள். ஒரு கடையில் உடை மாற்றும் அறையிலிருந்து அவள் வெளியே வருகிறாள். திடீரென்று படத்தில் ஒலி முழுவதும் நின்றுவிடுகிறது. விற்பனைப் பெண்ணிடம் பேசுகிறாள், அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. தெருவில் ஒவ்வொருவராக நிறுத்திப் பார்க்கிறாள், யாருக்கும் அவள் இருப்பது தெரியவில்லை. கடைசியில் ஒரு பூங்காவில் மரத்தைத் தொட்டு நிற்கும்போது ஒரு பறவையின் குரல் கேட்கிறது. உலகம் மறுபடி அவளுக்குத் திறக்கிறது. இதற்குச் சிறப்புக் காட்சித் தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை, ஒலிப் பட்டையை அணைத்ததைத் தவிர. டிரைவ்-இன்களில் இரட்டைப் படத்தில் ஒன்றாக ஓடி, யார் கண்ணிலும் படாமல் அது மறைந்தது. ஹார்வி அதன் பிறகு வேறு முழுநீளப் படமே எடுக்கவில்லை. பாடப் படங்களுக்கே திரும்பிப் போனார். பின்னிரவுத் தொலைக்காட்சியில் தூக்கம் வராதவர்கள் பார்த்துப் பார்த்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதால்தான் 1989இல் அது மறுபடி திரையரங்குக்கு வந்தது.

தொலைக்காட்சி நிலையங்கள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டதற்கும் ஓர் அற்பமான காரணம் இருந்தது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமை அறிவிப்பைப் படத்திலேயே அச்சிட வேண்டும். அது விடுபட்டால் உரிமையும் போயிற்று. ஹார்வியின் படத்தில் அது இல்லை. ஜார்ஜ் ரொமேரோ 1968இல் பிட்ஸ்பர்க் அருகே சுமார் 1,14,000 டாலரில் எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்துக்கோ, விநியோகஸ்தர் கடைசி நேரத்தில் தலைப்பை மாற்றியபோது, பழைய தலைப்போடு சேர்ந்திருந்த அறிவிப்பும் காணாமல் போனது. நடமாடும் பிணங்கள் என்ற ஒரு முழு வகைமைக்கே வித்திட்ட படம், வெளியான நாளிலிருந்தே யாருடைய சொத்துமாக இல்லாமல் போய்விட்டது. இயக்குநருக்கு அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்து விற்கலாம், ஒளிபரப்பலாம் என்ற நிலைதான் அந்தப் படத்தை ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கொண்டுசேர்த்தது. இரவு முழுக்கப் பிணங்களோடு போராடித் தப்பிய கறுப்பின நாயகன், விடிந்ததும் காப்பாற்ற வந்த வெள்ளையர் கூட்டத்தாலேயே சுட்டுக் கொல்லப்படும் அந்த முடிவை ஒரு பெரிய ஸ்டுடியோ அனுமதித்திருக்காது. முடித்த படத்தை விற்பதற்காக நியூயார்க்குக்குப் போகும் வழியில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட செய்தியைக் கார் வானொலியில் கேட்டதாக ரொமேரோ பல பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

கறுப்பினப் பார்வையாளர்களை நம்பி எழுந்த பிளாக்ஸ்ப்ளாய்டேஷன் படங்கள் தனியே ஒரு நீண்ட கட்டுரைக்குரியவை. இங்கே ஒரு முரணை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறேன். 1971இல் மெல்வின் வான் பீபிள்ஸ் தாமே எழுதி, இயக்கி, நடித்து, இசையும் அமைத்த படத்தைத் தொடக்கத்தில் திரையிட முன்வந்தவை டெட்ராய்ட்டிலும் அட்லாண்டாவிலும் இருந்த இரண்டே அரங்குகள். அதன் வசூலைக் கண்டு மற்றவர்கள் வரிசை கட்டினார்கள். கூடவே, கறுப்பர் என்றால் கஞ்சா விற்பவரும் தரகரும்தானா என்று கறுப்பின உரிமை அமைப்புகளே எதிர்ப்புத் தெரிவித்தன. 'பிளாக்ஸ்ப்ளாய்டேஷன்' என்ற சொல்லே அந்தக் கண்டனத்திலிருந்து வந்ததுதான். கண்டனம் நியாயமானது. 1973இல் 'காஃபி' படத்தில் நடிகை பாம் கிரியர் துப்பாக்கியோடு நிற்கும்போது கைதட்டிய கறுப்பினப் பெண்களின் மகிழ்ச்சியும் பொய்யில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்க முடியாதவர்களுக்கு இந்த வகைச் சினிமா கடைசி வரை பிடிபடாது.

இந்தப் படங்களுக்குக் கூடிய கூட்டம் முதலில் ரசிகர் கூட்டமே இல்லை. நியூயார்க்கின் 42ஆம் தெருவில் நாள் முழுக்க இடைவிடாமல் படம் ஓட்டிய கிரைண்ட்ஹவுஸ் அரங்குகளில் குளிருக்கு ஒதுங்கியவர்களும், போக இடமில்லாதவர்களும், வேறு காரியங்களுக்காக வந்தவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ரசிகர் கூட்டம் என்ற ஒன்று கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது நள்ளிரவுக் காட்சிகளில்தான். 1970 டிசம்பரில் அதே நகரத்தின் எல்ஜின் அரங்கு, 'எல் டோப்போ' என்ற படத்தை நள்ளிரவில் மட்டும் திரையிடத் தொடங்கியது. வாய்வழிச் செய்தியை நம்பி மாதக்கணக்கில் ஓடியது. பால்டிமோரைச் சேர்ந்த ஜான் வாட்டர்ஸ் 1972இல் எடுத்த படமும் அந்த வழியாகத்தான் புகழடைந்தது. வாட்டர்ஸ் காஸிலின் பரம ரசிகர் என்பதையும் சொல்ல வேண்டும். ஆக, பார்வையாளராக இருந்தவரே படைப்பாளியாகி வரும் சுற்று இங்கே ஒருமுறை முழுமையடைகிறது. வாராவாரம் அதே படத்துக்கு, அதே நேரத்தில், அதே மனிதர்களோடு போய் உட்காரும்போது படம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குப் போய், கூடியிருப்பதே முக்கியமாகிவிடும். எந்தச் சடங்கும் அப்படித்தான்.

தடையைப் போல ஒரு படத்துக்கு விளம்பரம் தேடித் தருவது வேறெதுவும் இல்லை என்பதற்குப் பிரிட்டன் சாட்சி. 1980களின் தொடக்கத்தில் வீடியோ நாடாக்கள் தணிக்கையின்றி வீட்டுக்குள் நுழைந்தபோது, 'வீடியோ நாஸ்டி' என்று பத்திரிகைகள் அலறின. அரசுத் தரப்பு வழக்கறிஞர் அலுவலகம் தயாரித்த பட்டியலில் மொத்தம் 72 படங்கள் இடம்பெற்றன. அவற்றில் 39 மட்டுமே நீதிமன்றத்தில் தண்டனை வரை போயின. 1984இல் இதற்கென்றே ஒரு சட்டமும் வந்தது. இளைஞர்கள் அந்தப் பட்டியலை மளிகைச் சீட்டு போல வைத்துக்கொண்டு, பிரதிக்குப் பிரதி எடுத்து முகமே தெரியாமல் மங்கிப்போன நாடாக்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தார்கள். அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் அதிலிருந்த பாதிப் படங்களை இன்று யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள் என்பது என் துணிபு, அவ்வளவு சலிப்பானவை. இந்தக் கதைக்கு ஒரு பின்கதை உண்டு. அந்தச் சட்டத்தை முறைப்படி ஐரோப்பிய ஆணையத்துக்குத் தெரிவிக்க மறந்துவிட்டார்கள் என்பதும், ஆகவே அது கால் நூற்றாண்டாகச் செல்லாத நிலையில் இருந்தது என்பதும் 2009இல் கண்டுபிடிக்கப்பட்டு, மறு ஆண்டு அவசரமாக அதை மீண்டும் நிறைவேற்றினார்கள். கேட்பாரற்ற சட்டம்.

சுரண்டல் என்ற பொருளுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். கேட்க ஆளில்லாத இடத்தில் புதுமை மட்டும் நடக்கும் என்று நம்புவது வெகுளித்தனம். 1980இல் வந்த 'கேனிபல் ஹோலோகாஸ்ட்' என்ற இத்தாலியப் படத்தில் விலங்குகள் கேமராவுக்கு முன்னால் உண்மையாகவே கொல்லப்படுகின்றன. நடிகர்களும் கொல்லப்பட்டார்களோ என்ற சந்தேகத்தில் இயக்குநர் நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டு, அவர்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டியிருந்த கதையை ரசிகர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்; படத்தில் கொல்லப்படும் அந்த ஆமையைப் பற்றிச் சிரிக்க முடிவதில்லை. நான் அந்தக் காட்சியில் நிறுத்திவிட்டேன், மறுபடி தொடரவில்லை. பெயரும் சம்பளமும் ஒழுங்காகப் பெறாத எத்தனையோ நடிகைகள், ஒப்பந்தத்தில் இல்லாத ஒன்றைப் படப்பிடிப்பு நாளில் செய்யச் சொல்லி நெருக்கப்பட்டவர்கள், பாதுகாப்பு ஏற்பாடில்லாமல் குதித்த சண்டைக் கலைஞர்கள் ஆகியோரின் உழைப்பும் இந்த மலிவின் கணக்கில் எழுதப்படாமல் சேர்ந்திருக்கிறது. படத்தை ரசிப்பவர் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். சக ரசிகர்களில் சிலருக்கு இப்படிச் சொல்வதே பிடிப்பதில்லை. படத்தை அனுபவிக்காமல் பாடம் நடத்துகிறேன் என்பார்கள்.

எனக்குப் பிடிக்காதது வேறொன்று. 2007இல் டாரன்டினோவும் ராட்ரிகஸும் சேர்ந்து கொடுத்த 'கிரைண்ட்ஹவுஸ்' என்ற இரட்டைப் படத்தில் படச்சுருளுக்குக் கீறல்கள் செயற்கையாகச் சேர்க்கப்பட்டன. நடுவில் ஒரு ரீல் தொலைந்துவிட்டதாக அறிவிப்பும் வரும். இருவருக்கும் இந்தச் சினிமா மீதுள்ள காதல் உண்மையானது, அதில் ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு கீறலும் எங்கே விழ வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து தீர்மானித்து, இன்னொருவர் ஒப்புதல் அளித்திருக்கிறார் என்று நினைத்தாலே எனக்கு அதன் சுவை போய்விடுகிறது. பழைய பிரதியில் இருக்கும் கீறல், பல நூறு முறை அந்தச் சுருள் புரொஜக்டரில் ஏறி இறங்கியதற்கான தழும்பு. வேண்டுமென்றே மோசமாக எடுத்து, 'மோசமாக இருக்கிறது பாருங்கள்' என்று கண்ணடிக்கும் சுறா மீன் படங்களைப் பற்றி எழுதி நேரத்தை வீணடிக்க விரும்பவில்லை.

தழும்புகளைத் துடைத்து எடுப்பவர்கள்மீதுதான் எனக்கு மரியாதை. சியாட்டில் நகரில் 1990இல் தொடங்கிய சம்திங் வியர்ட் வீடியோ, கிடங்குகளில் அழுகிக்கொண்டிருந்த படச்சுருள்களை வாங்கிப் பட்டியலிட்டு விற்றது; பின்னர் வந்த வினிகர் சிண்ட்ரோம் போன்ற நிறுவனங்கள், செவ்வியல் படங்களுக்குக் காட்டும் அக்கறையோடு இந்தக் குப்பையைப் புதுப்பித்து வெளியிடுகின்றன. பழைய சுருள் வேதிச் சிதைவடையும்போது வரும் புளித்த நெடிக்குத் தொழிலில் வழங்கும் பெயரையே அந்த நிறுவனம் தனக்குச் சூட்டிக்கொண்டது.

புதுப்பிக்கப்பட்டவற்றில் எனக்கு நெருக்கமானது 'மேனோஸ்: தி ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்'. டெக்சாஸின் எல் பாசோ நகரில் உரம் விற்றுவந்த ஹெரால்ட் வாரன், படம் எடுப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை என்று ஒரு திரைக்கதையாசிரியரிடம் பந்தயம் கட்டி, 1966இல் எடுத்தது அது. ஒருமுறை சாவி கொடுத்தால் 32 விநாடிதான் ஓடும், ஒலியைப் பதியாத கேமரா. குரல்களையெல்லாம் பிறகு மூன்று நான்கு பேர் சேர்ந்து பேசினார்கள். குழந்தையாக நடித்த சிறுமி முதல் காட்சியன்று திரையில் தன் வாயிலிருந்து வேறு யாரோ பேசுவதைக் கேட்டு அழுதுவிட்டாள். அரங்கிலிருந்த ஊர் மக்களோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு அதை யாரும் நினைக்கவில்லை, 1993இல் ஒரு தொலைக்காட்சிக் கிண்டல் நிகழ்ச்சி தூசு தட்டி எடுத்து நாடு முழுக்கச் சிரிக்கவைக்கும் வரை. 2011இல் இணைய ஏலத்தில் வாங்கிய படச்சுருள்களுக்கு நடுவே அதன் படத்தொகுப்புப் பிரதி ஓர் இளம் ஒளிப்பதிவாளருக்குக் கிடைத்தது. ரசிகர்களிடம் நிதி திரட்டி, பல ஆண்டுகள் உழைத்து அவர் அதைச் சுத்தம் செய்தார்.

அந்தப் பிரதியை அண்மையில் மறுபடி பார்த்தேன். இரவுக் காட்சி ஒன்றில் இரண்டு காவலர்கள் துப்பாக்கிச் சத்தம் கேட்டுக் காரிலிருந்து இறங்குகிறார்கள். விளக்கு வெளிச்சம் நான்கடிக்கு மேல் எட்டாததால், நான்கே அடி நடந்து இருட்டை உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறார்கள். முன்பு பார்த்த நாடாப் பிரதியில் இரவுக் காட்சிகள் முழுக்க ஏதோ வெள்ளைப் புள்ளிகள் துடித்துக்கொண்டிருக்கும். சுருள் கெட்டுவிட்டது என்றே நினைத்திருந்தேன். புதுப் பிரதியில் அவை தெளிவாகத் தெரிந்தன. விளக்கைத் தேடி வந்த விட்டில் பூச்சிகள். ஒவ்வொன்றின் சிறகடிப்பையும் எண்ணிவிடலாம் போலிருந்தது. நடிகர்களின் முகத்தில் மோதுகின்றன, கேமராவுக்கு முன்னால் வட்டமிடுகின்றன. யாரும் கையை வீசி அவற்றை விரட்டவில்லை. 32 விநாடிதான் இருக்கிறது, அதற்குள் வசனத்தைச் சொல்லி முடிக்க வேண்டும்.